இறங்காத பயணி

டுல்மா ஓய்வு பெற்ற நாளில் டெப்போவில் அவள் கைகளில் நீலப் பட்டுத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு கிண்ணம் பாலை வைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது அந்த நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை. அந்த ஆள் யாராக இருக்கும் என்ற ஒரே கேள்விதான் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது.

உலான்பாத்தர் நகரத்தில் டிராலி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு வழி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைக்கு மேல் போகும் மின்கம்பி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனை, மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனை. மற்ற ஓட்டுநர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வார்கள். டுல்மாவுக்கு ஒரு நாளும் அலுத்ததில்லை. அவளுக்குத் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருந்தது. அதில் பஸ் முழுக்கத் தெரியும். மடியில் மாவு மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் பெண் அக்கா வீட்டுக்குப் போகிறாளா, மாமியார் வீட்டுக்கா? ஒரு கையில் மட்டும் கையுறை போட்டிருக்கும் இளைஞன் மற்றதை எங்கே விட்டான்? யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார்கள் என்று ஊகித்துச் சொல்லிவைப்பாள். கண்டக்டர் ஹந்தா கூட்டத்துக்குள் புகுந்து சீட்டுக் கொடுத்துவிட்டு வந்து, "சரியாத்தான்டி சொன்ன. மாமியார் வீடுதான். மூஞ்சியே சொல்லுது" என்பாள்.

இந்த ஊகத்துக்கெல்லாம் அடங்காமல் ஒரே ஓர் ஆள் இருந்தார்.

குளிர்காலம் வந்தால் அவரும் வருவார். காலையில் பள்ளிக்கூடக் கூட்டம் இறங்கி ஓய்ந்த பிறகு மேற்கு முனையில் ஏறுவார். பழுப்பு நிற நீள அங்கி, மடல்களைக் காதுக்கு மேலே தூக்கிக் கட்டிய ரோமத் தொப்பி. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர இருக்கைதான் அவருடையது. கிழக்கு முனை வரை போவார். அங்கே எல்லோரும் இறங்குவார்கள். அவர் இறங்க மாட்டார். திரும்பி வரும் வண்டியிலேயே வந்து, ஏறிய இடத்தில் இறங்குவார். யாரோடும் பேச்சில்லை. முகம் எப்போதும் ஜன்னல் பக்கம். பனி உருகி ஊருக்கு மேலே வாத்துகள் வடக்கே பறக்கத் தொடங்கினால் ஆளைக் காணோம்.

எங்கேயும் இறங்காத பயணியை வேறு என்னவென்று நினைப்பது? டுல்மா முதல் குளிர்காலத்திலேயே தீர்மானித்துவிட்டாள். மேலிடத்திலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி. சாதாரண உடையில் ஆள் அனுப்பி ஓட்டுநர்களைக் கண்காணிக்கிறார்கள் என்று டெப்போவில் எப்போதும் ஒரு பேச்சு இருந்துகொண்டே இருக்கும். அன்றிலிருந்து டுல்மா பிரேக்கை மெதுவாக அழுத்தினாள். ஓடி வரும் கிழவிகளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். குறுக்கே புகும் கார்க்காரனின் வம்சத்தை இழுத்துத் திட்டுவதை நிறுத்தினாள். ஓட்டும்போது சூரியகாந்தி விதை கொறிக்கும் பழக்கத்தைக்கூட விட்டாள். அடுத்த குளிர்காலம் டெப்போ வாசலில் சிறந்த ஓட்டுநர்கள் பலகையில் அவள் படம் ஏறியது. எல்லோரும் கை கொடுத்தார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், இது யார் எழுதிக் கொடுத்த வேலை என்று.

அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு ஓர் உறுத்தல். நான் நிஜமாகவே நன்றாக ஓட்டுகிறவளா, அந்த ஆள் பின்னால் உட்கார்ந்திருந்ததால் நன்றாக ஓட்டினவளா? இதை அவள் ஹந்தாவிடம்கூடச் சொன்னதில்லை. வேலையின் கடைசிக் குளிர்காலத்தில் அவர் வரவே இல்லை. டுல்மா அப்போதும் மெதுவாகத்தான் பிரேக் போட்டாள். அது தன் குணமா, பழகிப்போன பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஹந்தாவின் கட்சி வேறு. "காதல்டி. வேற என்ன? உன் பிடரியப் பார்த்துக்கிட்டே மூணு குளிர்காலத்த ஓட்டிட்டாரு மனுஷன்."

"சும்மா இருடி. அவரு ஜன்னலத்தான் பார்த்துக்கிட்டிருப்பாரு."

"வெக்கம்."

அவருடைய பெயர் கிடைத்ததும் ஹந்தாவுக்குத்தான். கடைசியாக வந்த அன்று இறங்கும்போது அவராகவே, "நான் நம்ஸ்ராய். ஹோவ்த் மாகாணம், ஜர்கலான்ட் மலைப் பக்கம். கோடையில அந்தப் பக்கம் வந்தா ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க. டிரைவரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஹோவ்த் என்றால் நாட்டின் மேற்குக் கோடி. டீ குடிக்கப் போகிற தூரமா?

ஆனால் இலையுதிர்காலத்தில் டுல்மா சியோலில் இருக்கும் மகளிடம் போக வேண்டியிருந்தது, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. போனால் எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்பதென்றால் இந்தக் கோடையில் கேட்க வேண்டும். இல்லையென்றால் கேள்வியைக் கொரியாவுக்குச் சுமந்துகொண்டு போக வேண்டும்.

வண்டி கொடுத்தவள் செவ்ஜித். இவர்களைவிட வயதில் இளையவள். ஒரு காலத்தில் அதே டெப்போவில் ஓட்டுநராக இருந்து, கம்பிக்குக் கீழே ஓட்டுவது மூச்சு முட்டுகிறது என்று வேலையை விட்டுவிட்டு, பழைய ஜப்பான் வேன் ஒன்றை வாங்கிச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். "உனக்கு ஆளப் பார்க்கணும், எனக்கு மேற்கப் பார்க்கணும், ஹந்தாக்காவுக்கு வேடிக்கை பார்க்கணும்" என்றாள் டுல்மாவிடம். "ஆனா ஒண்ணுக்கா. எங்கண்ணன் புல்லறுப்புக்கு வண்டி வேணும்னு சொல்லியிருக்கான். அதுக்குள்ள திரும்பிடணும். ஆளு கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி."

ஜூலையில் நாடாம் விழா முடிந்த மறுநாள் கிளம்பினார்கள். ஹந்தாவின் மருமகள் வாசலில் நின்று, நகரும் வண்டியின் பின்னால் கரண்டியால் பால் தெளித்து வழியனுப்பினாள். ஊரின் கடைசிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் டுல்மா, ஆயுள் முழுக்க நேர அட்டவணையில் வளர்ந்த நாக்கு சும்மா இருக்காமல், "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?" என்று கேட்டுவிட்டாள்.

செவ்ஜித் ஸ்டியரிங்கில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். "ஐயோ அக்கா! கிளம்பின உடனேயா? வழியில போறப்ப கேட்கிற கேள்வியா அது? அபசகுனம்!"

"வாயில வந்துடுச்சுடி."

"துப்பு, துப்பு. ஜன்னலத் திறந்து துப்பு" என்றாள் ஹந்தா.

டுல்மா துப்பினாள்.

ஹந்தாவுக்கும் அவளுக்கும் ஒரு புதுமை. இத்தனை வருடம் ஒரே வண்டியில் வேலை செய்தவர்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. ஹந்தாவின் முகத்தை டுல்மா கண்ணாடியில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். "உன் மச்சம் இடது கன்னத்துலன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்!" என்றாள். "நான் மட்டும் என்னவாம்? உனக்கு இவ்வளவு பெரிய காதுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள் ஹந்தா.

தார்ச்சாலை மேற்கே போய்க்கொண்டே இருந்தது. சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் கறி வைத்துப் பொரித்த ஹூஷூரை எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றார்கள். ஆட்டுக்கறியைப் பல்லிடுக்கிலிருந்து நோண்டிக்கொண்டே பாடினார்கள். கணவாய் உச்சியில் வழிபாட்டுக் கற்குவியல் வந்தால் செவ்ஜித் மூன்று முறை ஹாரன் அடித்தாள். டுல்மாவின் கண்கள் ஓயவில்லை. ஒரே மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை, குழந்தையின் மடியில் ஒரு செம்மறிக் குட்டி. குட்டிக்கு உடம்பு சரியில்லையா, இல்லை யாருக்காவது பரிசா? எதிரே வந்த லாரியில் ஒரு குடும்பத்தின் கூடாரம் முழுக்கச் சுருட்டி ஏற்றியிருந்தது. உச்சியில் தொலைக்காட்சிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெண். எங்கே போகிறார்கள்? ஊகிக்க முயன்று முயன்று டுல்மா தோற்றாள். நிறுத்தமே இல்லாத ஊரில் யார் எங்கே இறங்குவார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? தோற்பதுகூட அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்படிக் கொபி-அல்தாய் மாகாணமும் கடந்தது. தார்வி என்ற சிற்றூரைத் தாண்டித் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கியதும் வழி என்று ஒன்று இல்லாமல் போய், வழிகள் என்று ஆகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு சக்கரத் தடங்கள், சடை பிரித்த கூந்தல் மாதிரி, ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் ஓடின. டுல்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "இதுல எது?" என்றாள்.

"எல்லாமேதான்" என்றாள் செவ்ஜித்.

முதலில் தென்பட்ட கூடாரத்தில் வண்டி நின்றது. நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. "நாயப் பிடிங்க!" என்று கத்தி, வீட்டுக்காரி வந்து நாயைப் பிடிக்கும் வரை காத்திருந்து, உள்ளே போய் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்து, கோடை நல்லபடியாகப் போகிறதா, ஆடுமாடு கொழுத்திருக்கிறதா என்று நாலு வார்த்தை விசாரித்து, அதன்பிறகுதான் வந்த காரியத்தை எடுப்பது வழக்கம். இது டுல்மாவுக்குத் தெரியாததல்ல. நகரத்தில் பிறந்தவள் என்றாலும் மங்கோலியப் பெண்தானே. ஆனால் இத்தனை தூரம் வந்த கேள்விக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்காரி நாயின் கழுத்தைப் பிடித்தாளோ இல்லையோ, டுல்மா வண்டியிலிருந்து குதித்து, கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், நின்ற நிலையிலேயே கேட்டாள்: "நம்ஸ்ராய்ங்கிறவரோட கூடாரம் எங்க இருக்கு?"

வீட்டுக்காரி அவளைப் பார்த்தாள். வண்டியின் நகரத்து எண் பலகையைப் பார்த்தாள். பிறகு மோவாயால் வடக்கே காட்டினாள். "ஏரிப் பக்கம் போயிட்டாங்க. கிட்டத்தான்."

கிட்டத்தானாம். அன்று முழுக்க ஏரிப் பக்கம் ஓட்டினார்கள். நாணல், சதுப்பு, அதன்பிறகு மணல். ஒரு கூடாரம் இல்லை, ஓர் ஆடு இல்லை. கொசு மட்டும் மேகம் மேகமாக வந்து ஜன்னலில் மோதியது. பொழுது சாயும் நேரத்தில் வேனின் பின்சக்கரங்கள் மணலில் புதைந்தன. மூவரும் கையாலேயே மணலைப் பறித்தார்கள், புதரை ஒடித்துப் போட்டார்கள், தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. வேனுக்குள்ளேயே தூங்கினார்கள்.

காலையில் ஒட்டகம் தேடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், கயிறு கட்டி இழுத்து வண்டியை வெளியே எடுத்துக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நம்ஸ்ராய் அண்ணனா? அவரு மலைமேல இருக்காரு. கோடையில ஏரிப் பக்கம் எவன் வருவான்? கொசு உசுரோட தின்னுடாது? யாரு சொன்னது?"

"வழியில ஒரு கூடாரத்துல, ஒரு அம்மா."

"அவங்க வீட்டுல டீ குடிச்சீங்களா?"

ஹந்தா திரும்பி டுல்மாவைப் பார்த்தாள்.

"அப்புறம் எப்படிச் சொல்லுவாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் ஒட்டகத்தைத் தேடப் போய்விட்டார்.

செவ்ஜித் முகத்திலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, கோபப்படாத. இன்னைக்குத் திரும்பினாத்தான் அண்ணன்கிட்ட நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன்."

தப்பு டுல்மாவுடையது. பொறுக்காமல் கேட்ட ஒரு கேள்வி, கேட்க வந்த கேள்வியை விழுங்கிவிட்டது. அவள் போய் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு சாத்தப்பட்ட விதத்தைப் பார்த்த ஹந்தா, செவ்ஜித்தின் தோளில் கை போட்டாள்.

"ஒரே ஒரு நாள் குடுடி. இவ சியோல் போயி அங்கேயும் இதையே நினைச்சுக்கிட்டிருப்பா. குழந்தையத் தவறவிட்டுடுவா."

"அண்ணன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"வண்டி மணல்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. பொய்யா என்ன?"

செவ்ஜித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரு நாள். அதுக்கு மேல புத்தரே வந்து கேட்டாலும் கிடையாது."

திரும்பும் வழியும் லேசில் பிடிபடவில்லை. கடைசியில் டுல்மாதான் தூரத்தில் மின்கம்பங்களின் வரிசையைப் பார்த்து, "அது கூடவே போ" என்றாள். "கம்பியக் கண்டாத்தான் இவளுக்கு உசுரு வரும்" என்றாள் ஹந்தா. கம்பி அவர்களை நேற்றைய கூடாரத்துக்கு அருகிலேயே கொண்டுவந்து விட்டது.

இந்த முறை டுல்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டாள். நாயைப் பிடிக்கும் வரை வண்டியிலேயே இருந்தாள். உள்ளே போய் விருந்தாளிகளுக்கான இடப்பக்கம் உட்கார்ந்தாள். வீட்டுக்காரி உப்புப் போட்ட பால் டீயை ஊற்றினாள். அவள் புருஷன் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார். மூவரும் முகர்ந்து திருப்பிக் கொடுத்தார்கள். மழை பேசினார்கள். போன குளிர்காலத்தின் பனி பேசினார்கள். ஹந்தா நகரத்துப் பஸ்ஸில் நடந்த கதைகளைச் சொல்லி அந்த மனிதரைச் சிரிக்கவைத்தாள். காய்ந்த தயிர்க்கட்டி வந்தது. டுல்மா அதை வாயில் போட்டு, கேள்வி வெளியே வராமல் அடைத்துக்கொண்டாள். இரண்டாம் சுற்று டீ. மூன்றாம் சுற்று.

கடைசியில் வீட்டுக்காரியே கேட்டாள். "நம்ஸ்ராய் அண்ணனத் தேடித்தானே வந்தீங்க?"

தயிர்க்கட்டியோடு டுல்மா தலையாட்டினாள்.

"அப்பவே உள்ள வந்து உட்கார்ந்து சொல்லக் கூடாதா? நேத்து நீங்க குதிச்ச குதியும் கேட்ட கேள்வியும் பார்த்து, மேலிடத்துலேர்ந்து சோதனைக்கு வந்த அதிகாரின்னு நினைச்சேன். பாவம் அந்த மனுஷன், எதுல மாட்டிக்கிட்டாரோன்னு நெனச்சுத்தான் ஏரிப் பக்கம் கைகாட்டினேன்."

ஹந்தா டீ புரையேறிச் சிரித்தாள். "அதிகாரியாம்டி! இந்த மூஞ்சிக்கு!"

டுல்மா சிரிக்கவில்லை. வாய்க்குள் தயிர்க்கட்டி கரைவது நின்றுபோன மாதிரி இருந்தது. இறங்கி நின்று ஒரு கேள்வி கேட்டதற்கு இவள் என்னை அதிகாரி என்று நினைத்துவிட்டாள். இறங்காமல் உட்கார்ந்திருந்ததற்கு நான் ஒருவரை அப்படி நினைத்தேன். வீட்டுக்காரி சொன்ன வழியில் மலையேறும்போதும் அவள் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

நம்ஸ்ராயின் கூடாரம் ஜர்கலான்ட் மலையின் ஒரு மடிப்பில், ஓடைக்கு மேலே இருந்தது. அவர் குதிரைகளைப் பார்க்கப் போயிருந்தார். மனைவி யாஞ்மா, கட்டை குட்டையான பெண், முழங்கை வரை பாலோடு வந்து வரவேற்றாள்.

"மனைவி இருக்காங்க" என்று செவ்ஜித், ஹந்தாவின் காதில் கிசுகிசுத்தாள். "உன் காதல் கட்சி அவுட்."

"பொறு. இன்னும் ஆளு வரல."

மறுபடி டீ, மறுபடி மழை. ஒரு வழியாகக் குளம்புச் சத்தம் கேட்டது. டுல்மா வாசலுக்கு வந்தாள். குதிரையின் மேல் அவர். கையில், குதிரை பிடிக்க நுனியில் கயிற்றுச் சுருக்கு வைத்த நீண்ட கழி. தொப்பி இல்லாத தலை. ஆனால் அந்தப் பக்கவாட்டு முகம், மேலே கொஞ்சம் மடிந்த அந்தக் காது, மூன்று குளிர்காலம் கண்ணாடியில் பார்த்த அதே காது. அவர் குதிரையைவிட்டு இறங்கி வந்து ஹந்தாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"அட, டிக்கெட் தங்கச்சி! நிஜமாவே வந்துட்டியா!"

பிறகு டுல்மாவின் பக்கம் திரும்பி, வீட்டுக்கு வந்த விருந்தாளியை நலம் விசாரிக்கிற மரியாதையோடு, "நல்லா வந்து சேர்ந்தீங்களா?" என்றார். அவ்வளவுதான். செவ்ஜித்திடமும் அதையே கேட்டார். அவருக்கு டுல்மாவை அடையாளமே தெரியவில்லை.

ஹந்தா வாயைத் திறக்கப் போனாள். டுல்மா அவள் கையை அழுத்திப் பிடித்தாள். சொல்லி அறிமுகமாவதற்கா இத்தனை தூரம் வந்தது? "பொருளெல்லாம் எடுத்துட்டு வந்துடுறேன்" என்று முனகிவிட்டு வேனை நோக்கி நடந்தாள். யாஞ்மாவுக்கென்று வாங்கி வந்த மாவும் டீத்தூளும் வண்டியின் கூரைமேல் மூட்டைகளோடு கட்டியிருந்தன. வண்டியின் பின்னால் நின்று, தலையை அண்ணாந்து, கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து அவிழ்த்தாள். மலைக்காற்று அங்கியின் ஓரத்தைப் பறக்கவைத்தது.

"அட!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அட, நீதானா!"

அவள் கயிற்றை விடாமல் திரும்பினாள். நம்ஸ்ராய் கூடார வாசலில் நின்றுகொண்டிருந்தார். சிறு பிள்ளை மாதிரி முழங்காலில் தட்டிக்கொண்டார்.

"முகத்தப் பார்த்தா எனக்கு எப்படித் தெரியும்? உன்னோட முதுகத்தானே எனக்குத் தெரியும்! யாஞ்மா, இங்க வா! இந்தப் பொண்ணுதான்!"

"எந்தப் பொண்ணு?" என்று யாஞ்மா வந்து எட்டிப் பார்த்தாள். "ஓ, கயிறா? கயித்துப் பொண்ணா? அடியம்மா, குளிர்காலம் பூரா போன்ல இந்த மனுஷன் உன் கதைதான். ஆடு எப்படி இருக்கு, நான் எப்படி இருக்கேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டாரு. இன்னைக்காவது பிடிப்பா, நாளைக்காவது பிடிப்பான்னு இதேதான்."

எல்லோரும் புல்லில் உட்கார்ந்தார்கள். டுல்மா கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் முன்பே அவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

போன வருடம் வரை பேரப்பிள்ளைகள் நகரத்தில் படித்தார்கள். குளிர்காலத்தில் கூட இருக்க இவர் போவார். மந்தையோடு யாஞ்மா இங்கே. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டால் அப்புறம் அவர்கள் வரும் வரை ஒன்பதாம் மாடியில் நாலு சுவர். "வெளிய போகாம உட்கார்ந்து பழக்கமில்ல எனக்கு. ஒரு நாள் சும்மா உன் பஸ்ஸுல ஏறினேன். பாதி வழியில பஸ் நின்னுடுச்சு. மேல கரண்ட் எடுக்கிற ரெண்டு நீளக் கழியும் கம்பிய விட்டுக் கழண்டு ஆடிக்கிட்டு நிக்குது. என்னா காத்து அன்னைக்கு! உள்ள எல்லாரும் திட்டுறாங்க. நீ இறங்கிப் பின்னாடி போன. நானும் பின்னாடிக் கண்ணாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கழியில கட்டித் தொங்கவிட்ட கயித்த ஒரு இழு, ஒரு விடு. கழி போயிக் கம்பியில உட்கார்ந்துச்சு. ஒரே வீச்சுல! அடுத்ததும் அப்படியே." அவர் பக்கத்தில் கிடந்த சுருக்குக் கழியைத் தொட்டுக் காட்டினார். "நான் பால்குடி மறந்த நாளா இதப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். அந்த மாதிரிக் காத்துல எனக்கு ஒரே வீச்சுல குதிரை மாட்டாது. இந்தப் பொண்ணு எப்பவாச்சும் தப்பவிடுதான்னு பார்ப்போம்னு மறுநாளும் ஏறினேன்."

"மூணு குளிர்காலமா?" என்றாள் ஹந்தா.

"என்ன செய்யச் சொல்ற? மத்த வண்டியிலெல்லாம் தினமும் கழி கழலும். இவ வண்டியில கழலவே மாட்டேங்குது! மாசத்துக்கு ஒரு தடவ கழண்டா அதிசயம். அவ்வளவு பதமா ஓட்டுவா. நானும் மேல கம்பியப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன், இப்பக் கழலும், இப்பக் கழலும்னு."

டுல்மாவுக்கு முகம் சூடேறியது. "கழலாம இருந்ததுக்குக் காரணம் நீங்கதான் அண்ணே" என்றாள்.

"நானா?"

"நீங்க மேலிடத்து அதிகாரின்னு நினைச்சேன். என்னைச் சோதிக்க வந்திருக்கீங்கன்னு. அதான் அப்படி ஓட்டினேன்."

முதலில் சிரித்தவள் யாஞ்மா. சிரித்துப் புல்லில் சாய்ந்துவிட்டாள். "அதிகாரி! இந்த ஆளு! சொந்த ஆட்டுக்குட்டியே இவர அதட்டும்!" ஹந்தா, "அடிப்பாவி, இத்தன வருஷமா என்கிட்டகூடச் சொல்லலியே!" என்று டுல்மாவின் முதுகில் ஒன்று வைத்தாள். நம்ஸ்ராய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

டுல்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் மனம் அதற்குள் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. பதமாக ஓட்டியது இவருக்குப் பயந்து. சரி, அது இவருக்கே போகட்டும். பலகையில் இருந்த படத்தில் பாதி இவருடையதுதான். ஆனால் அந்த முதல் நாள்? காற்றில் கழி கழன்ற நாள்? அன்று இவர் யார் என்றே அவளுக்குத் தெரியாது. கண்ணாடியில் கவனித்ததுகூட இல்லை. பின்னால் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் கயிற்றை இழுத்தாள்.

"அண்ணே, அந்த மொத நாளு... நிஜமாவே ஒரே வீச்சா?"

"என் குதிரை மேல சத்தியமா."

டுல்மா ஒரு புல்லைப் பிடுங்கிப் பல்லில் கடித்துக்கொண்டாள். சொன்னதையே அவள் ஏன் மறுபடி கேட்டாள் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. "காதுதான் பெரிசு, கேட்கமாட்டேங்குது" என்றாள் ஹந்தா.

பால் கறந்து முடிந்து, வெயில் சாய்வதற்கு முன்னால், டுல்மா நம்ஸ்ராயிடம் கேட்டாள்: "நீங்க என்னோடதப் பார்த்தீங்க. உங்களோடத நான் பார்க்க வேண்டாமா?"

அவர் உற்சாகமாகக் குதிரையில் ஏறினார். சரிவில் மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்தில் ஒரு செம்பட்டைக் குதிரையைக் காட்டினார். "அதோ, அது." பெண்கள் நால்வரும் கைகளைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றார்கள். குதிரைகள் கலைந்து ஓடின. அவர் விரட்டிக்கொண்டே கழியை நீட்டினார். சுருக்கு செம்பட்டையின் காதைத் தொட்டு வழுக்கியது. காற்று பலமாக இருந்தது. திரும்பி, மறுபடி விரட்டினார். இந்தத் தடவை கழுத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே சுருக்கு காற்றில் ஒதுங்கிப்போனது. அவர் கடிவாளத்தை இழுத்து, குதிரையை நிறுத்தி, கூடாரத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவு தூரத்திலிருந்தும் டுல்மாவுக்கு அந்தப் பார்வை புரிந்தது, கண்ணாடியில் அவரை அவள் பார்த்த அதே பார்வை.

அவள் முகத்தை மெல்ல எதிர்ப்பக்கம், மலை உச்சியின் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஹந்தாவின் தோளையும் பிடித்துத் திருப்பினாள்.

"ஏன்டி? நான் பார்க்கிறேன்ல!"

"மலையப் பாரு. எவ்வளவு அழகா இருக்கு."

"மலை எங்கடி ஓடப்போகுது?"

முதுகுக்குப் பின்னால் குளம்புகள் மறுபடி அதிர்ந்தன. அருகே வந்தன, வளைந்து தூரப் போயின. யாஞ்மா ஏதோ கத்தினாள். காற்றில் காதில் விழவில்லை. டுல்மாவின் கழுத்து திரும்பத் துடித்தது. அவள் இரண்டு கைகளையும் அங்கியின் சட்டைக்கைக்குள் விட்டுக்கொண்டு, உச்சியில் ஒட்டியிருந்த பழைய பனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.